உடும்பு கூடுதலாக முறுக்கிய அரைச் சுற்று

ஒரு காட்டில் ஒரு உடும்பு இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இப்போதெல்லாம் எந்தக் காட்டிலும் எதுவும் தனியாக இருப்பதில்லை. உடும்பு இருந்தால் அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சர்வீஸ் புத்தகம் இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்த ஒரு ஷோரூமும், அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கும் இருக்கின்றன. ஆகவே ஒரு காட்டில் ஒரு உடும்பும், ஒரு வண்டியும், ஒரு கொக்கும் இருந்தன. இதைச் சொல்கிற எனக்கும் ஒரு வண்டி உண்டு. நடுவில் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடும்பின் பெயர் தள்ளு. இந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

உடும்புகள் கரையான் புற்றுக்குள் முட்டையிடும். முதல் மழையில் புற்று இளகும்போது குஞ்சுகள் தலையை வெளியே நீட்டும். நீட்டிய தலையின் காதில் முதலில் எந்தச் சொல் விழுகிறதோ அதுதான் அந்தக் குஞ்சின் பெயர். பிறகு மாற்ற முடியாது. அதனால் புற்றின் முன்னால் அப்பா மட்டும் நின்று, ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். மற்ற உறவினர்கள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பார்கள். அப்பா வர நேரமானால் அந்த உரிமை தாய்மாமனுக்குப் போய்விடும்.

நம் உடும்பு பிறந்த அன்று அதன் அப்பா கட்டைவண்டிச் சக்கரத்துக்கு மசகு போட உட்கார்ந்துவிட்டது. "அஞ்சு நிமிஷ வேலை, நானே போட்டுட்டு வந்துடறேன்" என்று சொன்னதாகக் கேள்வி. புற்று உடைந்தபோது தாய்மாமன் கூட்டத்தைப் பார்த்து, "தள்ளு, தள்ளு, வழி விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பெயரோடு ஓர் ஆயுள் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது வரிசையே கலைந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெயரைச் சொன்னதும் மாமனார் ஓரமாக நகர்ந்து நின்றார். தள்ளு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாங்கியது. ஆனால் மனதுக்குள் ஒரே ஒரு வைராக்கியம் வைத்திருந்தது. தன் பிள்ளைகளுக்குத் தானே நின்று, அழகான பெயராகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும்.

அதன் மனைவி செவத்தாள் அப்போது வடக்குச் சரிவில் தாய்வீட்டில் இருந்தது. அங்கே ஒரு புற்றில் ஏழு முட்டைகள். எட்டு மாதம் ஆகிவிட்டது, மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தள்ளுவுக்கு வேலை தெற்குக் காட்டில், ஒரு கரையான் மண்டியில். அங்கிருந்து வடக்குச் சரிவுக்கு நடந்தால் ஆறு நாள், வண்டியில் அரை நாள்.

செவத்தாளின் தம்பி மருதப்பன் அங்கேயே இருந்தது. அது ஏற்கெனவே தயாராகிவிட்டது.

"மச்சான், நீங்க அலைய வேண்டாம். வர முடிஞ்சா வாங்க. இல்லேன்னா நான் பாத்துக்கிறேன்" என்றது போனில்.

"என்ன பேரு வெப்ப மாப்ள?" என்று தள்ளு சந்தேகத்தோடு கேட்டது.

"மருதப்பன் ஒன்னு, மருதப்பன் ரெண்டு. அப்படியே ஏழு வரைக்கும்."

தள்ளு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏழு பெயர்களை யோசித்து, கைக்கு அகப்பட்ட சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியது. செங்கதிர், கார்முகில், வெண்ணிலா, இளவேனில், பூந்தளிர், மாமழை, தென்றல். தினமும் வண்டியைத் துடைக்கும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும். தென்றல் என்று மட்டும் இரண்டு முறை சொல்லும்.

அவ்வளவு தூரம் போக வேண்டிய வண்டி என்பதால், ஒரு சர்வீஸ் விட்டுவிடலாம் என்று தள்ளு முடிவு செய்தது. கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மண்டியில் கூட வேலை பார்த்த கீரி ஒரு யோசனை சொன்னது. "வண்டியை விடறதுக்கு முன்னால ஏர் ஃபில்டர்லயும் பிளக்லயும் ஒரு பொட்டு சுண்ணாம்பு வெச்சு விடு. ஆயில் என்ன நெறத்துல இருக்குன்னும் பாத்து வெச்சுக்க."

"எதுக்கு? கம்பெனிக்காரங்க ஏமாத்தவா போறாங்க?"

"ஏமாத்தலேன்னா சுண்ணாம்பு போயிடும். உனக்கு என்ன நஷ்டம்?"

தள்ளு சுண்ணாம்பு வைத்தது.

ஷோரூம் வாசலில் மயில் டோக்கன் கொடுத்தது. உள்ளே குளிர்ந்த அறை, மெத்தை வைத்த நாற்காலிகள், சத்தமில்லாத டிவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டறை. அங்கே எந்த வண்டிக்கு என்ன நடக்கிறது என்பது தெரியாதபடி கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'வெளிப்படைத்தன்மையே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தார்கள். நாற்காலியில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது.

"ரொம்ப நேரமாச்சா?" என்று தள்ளு கேட்டது.

"காலையிலேயே வந்துட்டேன்" என்றது ஆமை.

"இன்னைக்குக் காலையிலயா?"

ஆமை யோசித்துப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு காலை" என்றது.

சர்வீஸ் அட்வைசராக இருந்த கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தவசீலன்' என்று பெயர். அது தள்ளுவின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுகிற குரலில் பேசியது.

"சார், ஏர் ஃபில்டர் போயிடுச்சு. பிளக் போயிடுச்சு. ஆயில் பத்தி நான் சொல்லவே வேண்டாம். செயின் ஏதோ உங்க நல்ல நேரம் ஓடுது."

"தொறந்தே பாக்கலையே சார்?"

"அனுபவம் சார்."

மாலையில் பில் வந்தது. ஆயில், ஆயில் மாற்றியதற்குக் கூலி, பழைய ஆயிலை அப்புறப்படுத்தியதற்குத் தனிக் கட்டணம். ஃபில்டர், பிளக். ஆயில் வெளியேறும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி மாட்டியதற்கு ஒரு வரி, அதன் வாஷருக்கு ஒரு வரி, அதன் இறுக்கத்தைச் சரிபார்த்ததற்கு ஒரு வரி. கடைசியில் 'இதர பொருட்கள்' என்று ஒரு தொகை. இதர பொருட்கள் என்றால் என்ன என்று கேட்டதற்கு, துடைத்த துணி என்றது கொக்கு. அந்தத் தொகைக்குத் துணியாக எடுத்திருந்தால் குடும்பமே உடுத்தியிருக்கலாம்.

வண்டி மட்டும் பளபளவென்று இருந்தது. பட்டறையில் யானை தும்பிக்கையால் அடித்த வாட்டர் வாஷ் அது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தள்ளு வீட்டுக்கு வந்து ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி சுண்ணாம்புப் பொட்டு. பிளக்கைக் கழற்றியது. அதிலும் பொட்டு. ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தது. அதே ஆயில், அதே கருமை, இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் கறுத்திருந்தது. போல்ட்டை யாரும் தொட்ட அடையாளமே இல்லை. அதன் மேல் படிந்திருந்த சேறு காய்ந்து அப்படியே இருந்தது.

கீரிக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. "பில்லை எடு. வா, இப்பவே போய் நாறடிச்சுடலாம்."

"வேண்டாம்" என்றது தள்ளு. கோபம் வந்தால் அது கத்தாது, கெட்டியாகிவிடும். "அவனுங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். இனிமே என் வண்டிக்கு நான்தான் மெக்கானிக்."

"பில்லையாவது கிழிச்சுப் போடு, பாக்கப் பாக்க எரியுது."

"எதுக்குக் கிழிக்கணும்? எரிய எரிய இருக்கட்டும்" என்று பில்லை மடித்து வண்டியின் பக்கப் பெட்டியில் வைத்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வண்டி வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் வருகிற அந்தக் காய்ச்சல் தள்ளுவுக்கும் வந்தது. முதலில் ஸ்பேனர் செட். பிறகு அந்த செட்டில் இல்லாத ஒரே அளவு ஸ்பேனர், ஏனென்றால் வண்டிக்குத் தேவைப்பட்டது அதுதான். பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு தட்டு, ஊற்ற ஒரு புனல், நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. வேலை நடந்ததோ பட்டப்பகலில். செலவைக் கூட்டினால் கொக்கிடம் மூன்று முறை ஏமாந்திருக்கலாம். ஆனால் யாரும் கூட்டுவதில்லை. நானும் என் ஸ்பேனர்களைக் கூட்டியதில்லை.

பாடம் எடுத்தது ஒரு கிளி. அது காட்டில் பிரபலமான வீடியோக் கிளி. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்பதால் கற்றுக்கொள்ளச் சௌகரியம்.

"போல்ட்டைக் கையால மாட்டுங்க, கையால மாட்டுங்க. அப்புறம் ஸ்பேனர் வெச்சு கால் சுத்து, கால் சுத்து மட்டும். நிறுத்திடுங்க. நிறுத்திடுங்க. நிறுத்திடுங்க."

தள்ளு பழைய ஆயிலை இறக்கியது. தட்டில் அது கறுப்பாக விழுந்ததைப் பார்த்தபோது அதற்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புது ஃபில்டர் போட்டது. புதுப் பிளக் போட்டது. போல்ட்டைக் கையால் மாட்டியது. ஸ்பேனர் வைத்துக் கால் சுற்று முறுக்கியது. நிறுத்தியது. புது ஆயிலை ஊற்றியது.

கிளி சொன்னபடி நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும், நீங்களும் வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம்.

ஆனால் கால் சுற்று என்பது கிளிக்குச் சரி. கிளிக்கு என்ன கை இருக்கிறது? தள்ளுவோ உடும்பு. கோட்டைச் சுவரில் ஏறியவர்கள் அதன் முப்பாட்டன் இடுப்பில் கயிற்றைக் கட்டித்தான் ஏறினார்கள். கால் சுற்றோடு விட்டுவிட்டு எழுந்தால் வம்சம் என்ன நினைக்கும்? வடக்குச் சரிவு வரை மேடு பள்ளம் வேறு. பாதி வழியில் போல்ட் கழன்று விழுந்தால் மருதப்பன் ஒன்று, மருதப்பன் இரண்டு.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் நகத்தால் போல்ட்டைப் பற்றி, இன்னும் அரைச் சுற்று முறுக்கியது.

'க்ரக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் போல்ட் இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது, எங்கேயும் நிற்கவில்லை. உள்ளே மரை மொத்தமாகப் போய்விட்டது. ஊற்றி வைத்த புது ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி மண்ணில் வட்டம் போட்டது.

தள்ளு வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தது. போன் அடித்தது. செவத்தாள்.

"ஏங்க, இங்க மேகம் கறுத்துப் போச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊத்திடும்னு எல்லாரும் சொல்றாங்க. கிளம்பிட்டீங்களா?"

"வண்டிக்கு... ஆயில் மாத்திக்கிட்டு இருக்கேன்."

"யாரு, நீங்களா?" என்றது செவத்தாள். "உங்க அப்பாவும் மசகுதான் போட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அதன் பிறகு தள்ளு யோசிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும், ஆயில் சொட்டச் சொட்ட, மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்ன அதே ஷோரூமுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "தள்ளு, தள்ளு" என்று உற்சாகப்படுத்தினார்கள். கூப்பிடுகிறார்களா, கேலி பண்ணுகிறார்களா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

ஆமை அதே நாற்காலியில் இருந்தது.

கொக்கு குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தது. போல்ட்டின் தலையில் நான்கு நகக் கீறல்கள். கொக்கு கீறல்களைப் பார்த்தது, பிறகு தள்ளுவின் கையைப் பார்த்தது, மறுபடி கீறல்களைப் பார்த்தது.

"சார், இதுல வெளியாள் யாரோ கை வெச்சிருக்காங்க."

தள்ளு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"வெளியில பிரிச்சா வாரன்ட்டி கிடையாது சார். இன்ஜின் அடிப்பாகம் மொத்தமா மாத்தணும். பார்ட்ஸ் வர பதினெட்டு நாள்."

பதினெட்டு நாள். தள்ளுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் எட்டு மாதம் இருட்டில் கிடந்து வெளியே வரப்போகின்றன, ஒரு நல்ல பெயருக்குக்கூட வழி செய்ய முடியாத அப்பன் நான் என்று நினைத்தது. கண்ணைத் துடைக்கத் துணி தேடி வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தது. துணி இல்லை. பில் இருந்தது.

தள்ளு பில்லைப் பிரித்தது. முதலில் கண்ணைத் துடைக்கத்தான் எடுத்தது. பிறகு படித்தது. பிறகு சத்தமாகப் படித்தது.

"டிரெயின் போல்ட் கழற்றி மாட்டியதற்குக் கூலி. புது வாஷர் ஒன்று. இறுக்கம் சரிபார்க்கப்பட்டது. கையெழுத்து, தவசீலன்." தலையை நிமிர்த்தியது. "மூணு நாளைக்கு முன்னால இந்த போல்ட்டைக் கழட்டி மாட்டினது நீங்கதானே சார்?"

அதுவரை வலது காலில் நின்ற கொக்கு இடது காலுக்கு மாறியது. கடை திறந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று மயில் பின்னால் எல்லாரிடமும் சொன்னது.

கொக்கின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? "நாங்கள் அந்த போல்ட்டைத் தொடவே இல்லை" என்று சொன்னால் பில் பொய். "தொட்டோம்" என்று சொன்னால் மரையை உடைத்தது அவர்கள். மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் வேறு டிவியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"எங்க மெக்கானிக்..." என்று கொக்கு மெல்ல ஆரம்பித்தது, "கொஞ்சம் பலமா இறுக்கிட்டாரு போல சார்."

"இருக்கும்" என்றது தள்ளு. "சில பேருக்குக் கை அப்படி."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சார், அளவா முறுக்குங்கன்னு."

"நகத்தை வேற வெட்ட மாட்டாரு போல."

"வெட்டவே மாட்டாரு சார்."

போல்ட் பக்கமே போகாத அந்த மெக்கானிக்கை இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் திட்டின. திட்டி முடித்ததும் இரண்டுக்கும் மனது லேசாகிவிட்டது.

பதினெட்டு நாள் வேலையைப் பட்டறை மரங்கொத்தி முக்கால் மணி நேரத்தில் முடித்தது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் குடைந்து, புது மரை வைத்து, புது போல்ட் போட்டு, புது ஆயிலும் ஊற்றியது. காசு இல்லை. உண்மையாகவே வேலை நடந்த ஒரே நாளில் அந்த ஷோரூமில் பில் போடவில்லை.

தள்ளு கிளம்பப் பார்த்தது. விடவில்லை.

"வாட்டர் வாஷ் பண்ணாம வண்டி வெளிய போகக் கூடாது சார், கம்பெனி ரூல்" என்றது கொக்கு. யானை நிதானமாக அரை மணி நேரம் அடித்தது. பிறகு சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்த வேண்டும் என்றார்கள். கொக்கு புத்தகத்தைத் திறந்து, கைக்கு வந்த பக்கத்தில் குத்தியது. அது கடைசிப் பக்கம். செங்கதிர் முதல் தென்றல் வரை ஏழு பெயர்களுக்கும் குறுக்கே 'திருப்தியுடன் ஒப்படைக்கப்பட்டது' என்று நீலமாக விழுந்தது. பரவாயில்லை, பெயர்கள் தள்ளுவுக்கு மனப்பாடம்.

கடைசியாகக் கொக்கு அந்தப் பழைய போல்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலில் வைத்தது.

"சார், ஒரே ஒரு விஷயம். ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு போன் வரும். ஏழு கேள்வி கேப்பாங்க. ஏழுக்கும் பத்துக்குப் பத்து குடுங்க."

"ஒம்பது குடுத்தா?"

"ஒம்பது குடுத்தாலும் சரி, போன் எடுக்கலேன்னாலும் சரி, பாதியில வெச்சாலும் சரி. ஆய்வுக்கு ஆந்தை வரும். ஃபைலைத் தொறக்கும். ஃபைல்ல போல்ட் இருக்கு. போல்ட்ல உங்க நகம் இருக்கு. வண்டியைத் தூக்கிட்டுப் போயிடும் சார், இன்ஜினுக்கு மொத்தக் காசும் கட்டினாத்தான் திரும்பத் தரும்."

"என்கிட்ட பில் இருக்கு. பில்லுல உங்க கையெழுத்து இருக்கு."

"அதனாலதான் சொல்றேன் சார்" என்றது கொக்கு அன்பாக. "பத்துன்னு சொல்லிட்டா ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

தள்ளு தலையாட்டிவிட்டுப் பறந்தது. வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஓட்டம் அருமை. ஃபில்டரும் பிளக்கும் உடும்பின் கைவேலை, போல்ட் கம்பெனி வேலை. மேட்டில் ஏறும்போது தள்ளு ஏழு பெயர்களையும் பாட்டாகவே பாடிக்கொண்டு போனது. முதல் தூறல் விழுந்தபோது வடக்குச் சரிவின் முனை தெரிந்தது. பலத்த மழை பிடித்தபோது புற்றின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டது.

உறவினர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். மருதப்பன் புற்றை ஒட்டி, தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு நின்றது. தள்ளுவைப் பார்த்ததும் முகம் சுருங்கி, ஓர் அடி பின்னால் போனது. ஓர் அடி மட்டும். செவத்தாள் ஈரத்தோடு நின்று சிரித்தது. இவ்வளவு அழகான சிரிப்பைத் தள்ளு கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

புற்றில் ஒரு விரிசல் விழுந்தது. தள்ளு குனிந்து, செங்கதிர் என்று சொல்ல வாயைத் திறந்தது.

போன் அடித்தது.

வடக்குச் சரிவில் எங்கேயும் சிக்னல் கிடையாது, புற்று மேட்டைத் தவிர. தள்ளு சரியாக அங்கே நின்றது. போனைப் பார்த்தது, ஹெட் ஆபீஸ். விரிசலைப் பார்த்தது, இன்னும் தலை வரவில்லை. நகர்ந்து போய்ப் பேசினால் சிக்னல் போய்விடும், இடத்தை மருதப்பன் பிடித்துவிடும். தலை வருவதற்குள் ஏழு பத்துகளைச் சொல்லி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, போனை எடுத்துக் காதில் வைத்தது.

மறுமுனையில் ஒரு குயில். குரலில் தேன் ஒழுகியது.

"வணக்கம் சார். எங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. தரத்தை மேம்படுத்தும் நோக்கத்தில் இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. தங்கள் பொன்னான நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா? முதல் கேள்வி. எங்கள் வரவேற்பறை தூய்மையாக இருந்ததா? பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?"

புற்றிலிருந்து முதல் தலை வந்தது.

வைத்துவிட்டிருக்கலாம். நீங்களும் நானும் வைத்துவிட்டிருப்போம். ஆனால் கைக்கு வந்ததை விடுவது உடும்புக்கு வராத வித்தை. போல்ட்டைப் பிடித்த அதே பிடியாகப் போனைப் பிடித்துக்கொண்டு, அப்பாவை அண்ணாந்து பார்த்த அந்தச் சின்ன முகத்துக்கு நேராக, தள்ளு சொன்னது:

"பத்து."

முதல் பிள்ளை சந்தோஷமாக நாக்கை நீட்டியது.

"நன்றி சார். இரண்டாவது கேள்வி. எங்கள் ஊழியர்கள் கனிவாக நடந்துகொண்டார்களா?"

இரண்டாவது தலை.

"பத்து."

செவத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது. வாயைத் திறந்து தடுக்கவும் முடியாது. திறந்து என்ன சொன்னாலும் அது ஒரு பிள்ளையின் பெயராகிவிடும், அப்போது செவத்தாள் சொல்ல நினைத்த சொல் பிள்ளைக்கு வைக்கக்கூடிய சொல் இல்லை.

குயில் மூச்சு விடாமல் கேட்டது. சொன்ன நேரத்தில் வண்டி கிடைத்ததா? பத்து. கட்டணம் நியாயமாக இருந்ததா? பத்து. இந்தக் கேள்விக்கு மட்டும் தள்ளு வண்டியின் பக்கப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பில்லில் குறிப்பிட்ட வேலைகள் அனைத்தும் உண்மையாகவே செய்யப்பட்டனவா? தள்ளு கண்ணை மூடிக்கொண்டது. ஐந்தாவது பிள்ளை கண்ணைத் திறந்தது. பத்து. உங்கள் நண்பர்களுக்கு எங்களைப் பரிந்துரைப்பீர்களா? பத்து.

"கடைசிக் கேள்வி சார். எங்கள் சேவை உங்கள் குடும்பத்துக்கு மகிழ்ச்சியைத் தந்ததா?"

ஏழாவது தலை வர நேரமானது. மழை சோவென்று பெய்தது. ஒன்றையாவது காப்பாற்றிவிடலாம், தென்றல் என்று சொல்லிவிடலாம் என்று தள்ளு விரிசலையே பார்த்துக் காத்திருந்தது. தலை வரட்டும், முதலில் பெயர், அப்புறம் பத்து.

"சார்? லைன்ல இருக்கீங்களா? பதில் இல்லைன்னா பூஜ்யம்னு பதிவாயிடும் சார். மூணு... ரெண்டு..."

"பத்து! பத்து! பத்து!" என்று அலறியது தள்ளு.

ஏழாவது பிள்ளை அந்தச் சத்தத்தில்தான் வெளியே வந்தது.

"மிக்க நன்றி சார். இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று குயில் வைத்துவிட்டது.

கடைசியில் மருதப்பன்தான் முன்னால் வந்து, மச்சானின் தோளில் கை வைத்தது. அதன் முகத்தில் கேலி இல்லை, உண்மையான துக்கம் இருந்தது.

"என் திட்டத்துல நம்பராவது மாறிக்கிட்டே வந்திருக்கும், மச்சான்."

தள்ளு மழையிலேயே உட்கார்ந்து அழுதது. ஏழு பத்துகளும் அதன் மேல் ஏறி விளையாடின. செவத்தாள் மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள், கடைக்குட்டியைத் தூங்க வைக்கும்போது, "பத்துக் கண்ணு" என்று கொஞ்சியது. ஏழும் திரும்பிப் பார்த்தன. அதைப் பார்த்துச் செவத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தள்ளுவும் பயந்து பயந்து சிரித்தது.

இன்றும் அந்தக் காட்டில் தள்ளுதான் தன் வண்டிக்கு ஆயில் மாற்றுகிறது. போல்ட்டைக் கையால் மாட்டி, ஸ்பேனரால் கால் சுற்று முறுக்கி, உடனே எழுந்து நூறடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறது. ஆனால் சர்வீஸ் தேதி வந்தால் தவறாமல் ஷோரூமுக்குப் போய், செய்யாத வேலைக்குப் பணம் கட்டி, வரிக்கு வரி படித்துப் பார்த்து ஒரு பில் வாங்கிக்கொண்டு வருகிறது. கொக்கு தள்ளுவுக்கு மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நின்று வணக்கம் சொல்கிறது. ஆண்டின் சிறந்த வாடிக்கையாளர் என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஆமை கை தட்டியது.

நீதி: ஆயிலை நீயே மாற்று, பில்லை அவர்களிடம் வாங்கு, உன் பொய்க்கு ஒருநாள் துணை தேவைப்படும். ஆனால் பிள்ளை பிறக்கிற நேரத்தில் போனை அணைத்து வை.